ஒரே காருக்கு நாட்டுக்கு ஒரு பெயர் ஏன்?

கிள்ளான்வாசி கேட்கிறார்:

மலேசியாவில் நான் ஓட்டுவது நிசான் அல்மேரா. சென்னையில் இருக்கும் என் அத்தை மகனிடம் அச்சு அசலாக அதே வண்டி இருக்கிறது, ஆனால் அதன் டிக்கிக் கதவில் சன்னி என்று போட்டிருக்கிறது. தேடிப் பார்த்தால் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் அதற்கு வெர்சா என்று பெயர், ஜப்பானில் லாட்டியோ. இது போதாதென்று இந்தியாவிலேயே ரெனால்ட் ஸ்கேலா என்ற பெயரிலும் அதே காரை விற்றிருக்கிறார்கள். இவ்வளவு செலவழித்து ஒரு பெயரை மக்கள் மனத்தில் பதிய வைத்துவிட்டு, எல்லையைத் தாண்டியதும் அதைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொன்றை மாட்டுவது ஏன்? வேறு மொழியில் கெட்ட வார்த்தையாகிவிடும் என்பதால்தான் மாற்றுகிறார்கள் என்று கேட்டவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அல்மேராவுக்கும் சன்னிக்கும் அப்படி எந்தக் கெட்ட பொருளும் இருப்பதாகத் தெரியவில்லையே?


சட்டப்படி எழுதுகிறார்:

கெட்ட வார்த்தைக் கதைகள் சொல்லவும் கேட்கவும் சுவையானவை, ஆகவே அவை ஊரெல்லாம் சுற்றுகின்றன. பெயர் மாறுவதன் பின்னால் அதைவிட அதிகமாக இருப்பது வணிகக்குறிச் சட்டம். ஒரு பெயரின் மீதான உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியானது. ஜப்பானில் பதிவு செய்துவிட்டதால் அந்தப் பெயர் பிரான்சிலோ இந்தியாவிலோ தானாகச் சொந்தமாகிவிடாது. அங்கே வேறொருவர் முன்பே அதைப் பதிவு செய்தோ பயன்படுத்தியோ வந்தால், பிறகு வருபவர் எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும் ஒதுங்கித்தான் போக வேண்டும்.

ரெனால்ட் நிறுவனத்தின் கிளியோ இதற்குத் தெளிவான உதாரணம். ஐரோப்பாவில் அதிகம் விற்ற கார்களுள் ஒன்றான அதற்கு ஜப்பானில் லுட்டேசியா என்று பெயர். ஜப்பானில் ஹோண்டாவின் விற்பனை நிலையத் தொடர்களுள் ஒன்று கிளியோ என்ற பெயரில் இயங்கியதால், ரெனால்ட் பாரிஸ் நகரத்தின் பழைய ரோமானியப் பெயரை எடுத்துக்கொண்டது. ஹோண்டாவுக்கும் இதே அனுபவம் நேர்ந்திருக்கிறது: 1981இல் ஜப்பானில் வந்த சிட்டி என்ற சிறிய ஹாட்ச்பேக்கை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனபோது, சிட்டி என்ற பெயர் ஓப்பெல் கையில் இருந்ததால் அதை ஜாஸ் என்று விற்றார்கள். இருபது ஆண்டுகள் கழித்து ஃபிட் என்ற புதிய கார் ஜப்பானில் வந்தபோது, ஐரோப்பாவுக்கும் பின்னர் இந்தியாவுக்கும் அதே ஜாஸ் என்ற பெயரைத்தான் கொடுத்தார்கள். ஹூண்டாய் இலாண்ட்ரா 1990களில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் முதல் எழுத்தை இழந்து லாண்ட்ரா ஆனதற்கு, லோட்டஸ் நிறுவனத்தின் ஈலான் என்ற பெயரோடு அது நெருங்கி ஒலித்தது ஒரு காரணம்.

சில நேரங்களில், சிக்கல் ஒரே ஒரு நாட்டில் இருந்தாலும் உலகம் முழுவதற்குமாகப் பெயரை மாற்றிவிடுவார்கள். 1963இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் போர்ஷே காட்டிய காரின் எண் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்க எண்களைக் கார்களுக்கு வைக்கும் உரிமை பிரான்சில் தனக்கே உண்டு என்று பியூஜோ ஆட்சேபிக்க, போர்ஷே நடு இலக்கத்தை மாற்றி 911 ஆக்கியது. அப்போது அது சிறிய நிறுவனம். ஒரு நாட்டுக்காக மட்டும் தனிப் பெயர்த்தகடும் தனி விளம்பரமும் வைத்துக்கொள்வதைவிட எல்லா நாடுகளுக்கும் ஒரே மாற்றம் என்பது அதற்கு மலிவாக இருந்திருக்கும்.

இந்தியாவில் இது பற்றி உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. டொயோட்டா தன் பிரியஸ் காரை 1997இல் ஜப்பானில் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் அந்தப் பெயருக்கு டொயோட்டாவிடம் வணிகக்குறிப் பதிவு எதுவும் இல்லாத நிலையில், இங்குள்ள ஓர் உதிரிபாக நிறுவனம் பிரியஸ் என்ற பெயரைத் தன் பொருள்களுக்குப் பதிவு செய்து பயன்படுத்தி வந்தது. டொயோட்டா வழக்குத் தொடுத்தது. வெளிநாட்டில் இருக்கும் புகழ் மட்டும் போதாது, அந்தப் புகழ் உரிய காலத்தில் இந்தியச் சந்தைக்குள் வந்து சேர்ந்திருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி, 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உதிரிபாக நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. இன்னும் அண்மையில் 2024இல் மஹிந்திரா தன் மின்சாரக் காருக்கு பி.இ. 6இ என்று பெயர் வைத்தவுடன், 6இ என்பது தங்கள் விமானங்களின் குறியீடு என்று இண்டிகோ நிறுவனம் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக, மஹிந்திரா கடைசி எழுத்தை நீக்கிவிட்டு பி.இ. 6 என்று விற்பனையைத் தொடங்கியது.


ஓரகடத்துக்காரன் எழுதுகிறார்:

முந்தைய பதிவில் சொன்னது அனைத்தும் சரி, ஆனால் கிள்ளான் நண்பர் கேட்ட சன்னி விஷயத்தில் சட்டத்தைவிட வம்சாவளிதான் முக்கியம். ஒரு கார் ஒவ்வொரு நாட்டிலும் எந்தப் பழைய மாடலின் இடத்துக்கு வருகிறதோ, பெரும்பாலும் அந்த மாடலின் பெயர் அதன் தலையில் விழுந்துவிடும்.

நிசானுக்குள் அந்தக் காரின் அடையாளம் என்17 என்ற குறியீடு. தொழிற்சாலையிலும் உதிரிபாகப் பட்டியலிலும் அதுதான் நிலையான பெயர். ஜப்பானில் சன்னி என்ற பெயர் 2004இல் முடிவுக்கு வந்து, அதன் இடத்தில் டீடா லாட்டியோ என்ற கார் வந்திருந்தது. எனவே அங்கே இது லாட்டியோ. அமெரிக்காவில் அதற்கு முந்தைய காரை வெர்சா என்று விற்றிருந்தார்கள், ஆகவே அங்கே வெர்சா. அல்மேரா என்பது 1990களில் ஐரோப்பாவில் பல்சார் என்ற நிசான் காருக்கு வைத்த பெயர். அதைத் தூசி தட்டித் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கொடுத்தார்கள். வளைகுடா நாடுகளிலோ சன்னி பல தலைமுறைகளாக ஓடிய வண்டி, அங்கே அந்தப் பெயரைக் கைவிடுவது வியாபாரத்துக்கு நட்டம். இந்தியாவில் அதற்கு முன் சன்னி விற்கவில்லை என்றாலும், வளைகுடாவில் வேலை செய்துவிட்டு வந்தவர்களால் அந்தப் பெயர் இங்கே ஓரளவு அறிமுகமாகியிருந்தது. 2011இல் அதைத் தேர்ந்தெடுத்ததில் அதற்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஸ்கேலா கதை வேறு. ரெனால்டும் நிசானும் கூட்டாளிகள். சென்னை அருகே உள்ள ஓரகடம் ஆலை அப்போது இருவருக்கும் பொது. ஒரு பாகம் செய்து கொடுக்கும் நிறுவனத்தின் சார்பில் அந்த ஆலைக்கு அடிக்கடி போய் வந்தவன் நான். நிசான் மைக்ராவும் ரெனால்ட் பல்ஸும் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சில இடங்களில் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் எது எந்த வண்டி என்று சொல்லவே முடியாது. முன் கிரில், பம்பர், ஸ்டியரிங் நடுவில் இருக்கும் சின்னம், டிக்கியில் எழுத்து, சில துணி வகைகள், இவ்வளவுதான் வித்தியாசம். புதிதாகக் காலூன்றிய ரெனால்டுக்கு ஷோரூமில் நிறுத்த வண்டிகள் தேவைப்பட்டன, ஆகவே 2012இல் மைக்ரா பல்ஸ் ஆயிற்று, சன்னி ஸ்கேலா ஆயிற்று. மறு திசையில், ரெனால்ட் டஸ்டரை 2013இல் நிசான் டெர்ரானோவாக விற்றார்கள். இந்த டஸ்டரும் பிறப்பால் ரெனால்ட் இல்லை: ஐரோப்பாவில் அது ரெனால்டின் ருமேனியக் கிளையான டாசியாவின் கார். மைக்ராவும் ஜப்பானில் மார்ச் என்ற பெயரில் விற்றது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.


புதுப்பேட்டை உதிரி எழுதுகிறார்:

இந்தப் பெயர்க் குழப்பத்தால் தினமும் அல்லல்படுவது எங்களைப் போல உதிரிபாகம் விற்பவர்கள்தான். ஓரகடத்து நண்பர் சொன்ன வம்சாவளிக் காரணத்துக்கு ஒரு துணைக் காரணம் உண்டு. இந்தியாவில் புதிய தலைமுறைக் கார் வந்த பிறகும் பழைய தலைமுறையை நிறுத்தாமல், விலையைக் குறைத்து அதன் பக்கத்திலேயே விற்பது நெடுநாள் வழக்கம். பழையது பெயரை விட்டுக்கொடுக்காதபோது புதியதற்கு வேறு பெயர் தேடத்தானே வேண்டும்?

ஹூண்டாய் ஆக்சென்ட் 1999இல் இங்கே வந்தது. மற்ற நாடுகளில் அடுத்த தலைமுறைக்கும் ஆக்சென்ட் என்றே பெயர் தொடர்ந்தது. இங்கே பழைய ஆக்சென்ட் நன்றாக விற்றுக்கொண்டிருந்ததால் 2006இல் வந்த புதியதை வெர்னா என்றார்கள். ரஷ்யாவில் அதற்கடுத்த தலைமுறை சோலாரிஸ். இதைவிட வேடிக்கையானது மாருதி ஏ-ஸ்டார். 2008இல் இங்கே வந்த அந்தக் கார் மானேசர் ஆலையில் இருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியபோது அதன் பெயர் சுசுகி ஆல்டோ. அங்கே ஆல்டோ என்றால் சுசுகியின் மிகச் சிறிய கார், அவ்வளவுதான். இந்தியாவில் 2000 முதல் விற்ற ஆல்டோ அப்போது விற்பனையில் உச்சத்தில் இருந்தது, அதன் பெயரைத் தொட யாருக்குத் துணிவு வரும்? ஆகவே இங்கே ஏ-ஸ்டார். அதே ஆலையில் அதே உடம்பு நிசான் சின்னத்தோடு பிக்சோ என்ற பெயரிலும் ஐரோப்பா போயிற்று.

ஒரே காருக்குப் பல பெயர் என்பதைவிட, ஒரே பெயருக்குப் பல கார் என்பதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. இந்தியாவில் எஸ்டீம் என்றால் 1990களின் மாருதி செடான். அமெரிக்காவில் சுசுகி எஸ்டீம் என்று விற்றது நாம் பலேனோ என்று அறிந்த வேறொரு வண்டி. ஃபோக்ஸ்வாகன் வென்டோ 1990களில் ஐரோப்பாவில் ஜெட்டாவின் பெயர். 2010இல் இந்தியாவில் வந்த வென்டோ, போலோவுக்கு டிக்கி வைத்த செடான், ரஷ்யாவில் அதற்குப் போலோ செடான் என்றே பெயர். 2018இல் இங்கே வந்த டொயோட்டா யாரிஸ் உங்கள் மலேசியாவில் வியோஸ் என்ற பெயரில் ஓடுவது. ஐரோப்பாவில் யாரிஸ் என்பது முற்றிலும் வேறான ஒரு ஹாட்ச்பேக்.

இணையத்தில் பெயரை மட்டும் பார்த்து வெளிநாட்டிலிருந்து ஹெட்லைட் வரவழைத்து, கிளிப் துளை பொருந்தாமல் கடைக்குக் கொண்டுவந்து நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மாடல் பெயரை நம்பாதீர்கள். பதினேழு இலக்கச் சேஸி எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணைக் கேளுங்கள். அந்தச் சேஸி எண்ணின் முதல் மூன்று எழுத்துகளே வண்டி எங்கே பிறந்தது என்று சொல்லிவிடும்: எம்ஏ3 என்று தொடங்கினால் அது இந்திய மாருதி, எம்ஏஎல் என்றால் இந்திய ஹூண்டாய். டிக்கியில் என்ன எழுதியிருந்தாலும் அது மாறாது.


சொல்லாய்வு எழுதுகிறார்:

மொழிக் காரணம் முழுக்கக் கட்டுக்கதை என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மிட்சுபிஷி பஜெரோ ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றிலும் மொண்டெரோ ஆனதற்கு, பஜெரோ அந்த மொழியில் சபையில் சொல்ல முடியாத வசவாக இருப்பதே காரணம். பெயர் வைத்தவர்கள் மனத்தில் இருந்தது தென் அமெரிக்கக் காட்டுப்பூனை ஒன்றின் விலங்கியல் பெயர் என்பது அந்த நாட்டு வாடிக்கையாளருக்கு என்ன ஆறுதல் தரும்? பிரிட்டனில் அதையே ஷோகன் என்றார்கள், ஆனால் அங்கே கெட்ட பொருள் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. ஹூண்டாய் கோனா போர்ச்சுகலில் மட்டும் காவாய். ஹவாய்த் தீவுகளில் இருந்தே இன்னோர் ஊர்ப்பெயரை எடுத்துச் சமாளித்திருக்கிறார்கள். கனடாவில் பியூக் லாக்ராஸ் சில ஆண்டுகள் அல்யூர் என்று விற்றது கியூபெக் பிரெஞ்சுக் கொச்சையால்தான்.

மாறாக, எல்லோரும் எடுத்துக்காட்டும் ஷெவர்லே நோவா கதை பொய். ஸ்பானிய மொழியில் "ஓடாது" என்று பொருள்படுவதால் லத்தீன் அமெரிக்காவில் அது விலைபோகவில்லை என்று நிர்வாகவியல் வகுப்புகளில்கூடச் சொல்கிறார்கள். அந்தக் கார் மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் நன்றாகவே விற்றது. மெக்சிகோ அரசு எண்ணெய் நிறுவனம் தன் பெட்ரோல் வகை ஒன்றுக்கே நோவா என்று பெயர் வைத்திருந்தது.

மொழி சாராத சகுனத் தடையும் உண்டு. டாடா தன் சிறிய காருக்கு ஸிகா என்று பெயரிட்டு விளம்பரத்தையும் தொடங்கிய பிறகு, 2016 தொடக்கத்தில் ஸிகா வைரஸ் உலகச் செய்தியானது. கார் கடைக்கு வந்தபோது அதன் பெயர் டியாகோ.


கிள்ளான்வாசி எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. எனக்கு இன்னும் ஓர் ஐயம். கூட்டாளி நிறுவனங்கள் ஒரே ஆலையைப் பகிர்வது புரிகிறது. ஆனால் மாருதி பலேனோவை டொயோட்டா கிளான்சா என்று விற்கும்போது இரண்டும் ஒரே ஊரில், சில வேளை ஒரே தெருவில் எதிரெதிர் ஷோரூம்களில் நிற்கின்றன. அது யாரை ஏமாற்ற? மலேசியாவில் பெரோடுவா கன்சில் தைஹாட்சு மிராவின் மறுவடிவம் என்பதும் முதல் புரோட்டான் சாகா மிட்சுபிஷி லான்சரில் இருந்து வந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். இங்கே நாட்டுக்குச் சொந்தமான கார் வேண்டும் என்ற அரசின் நோக்கம் இருந்தது. இந்தியாவில் அப்படி ஒன்றும் இல்லையே?


நாற்சக்கரம் எழுதுகிறார்:

ஏமாற்ற அல்ல ஐயா. சின்னத்தோடு சேர்ந்து சேவையும் மாறுகிறது. கிளான்சா 2019இல் வந்தபோது டொயோட்டா மூன்று ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுத்தது. அதே காருக்கு மாருதி கொடுத்தது இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். டொயோட்டா சர்வீஸை நம்பி வாங்குபவர் ஒரு கூட்டம், மாருதியின் சர்வீஸ் நிலையம் தன் ஊரிலேயே இருக்கிறது என்று வாங்குபவர் இன்னொரு கூட்டம். ஆராய்ச்சிச் செலவு செய்யாமல் ஒரு சிறிய கார் டொயோட்டாவுக்குக் கிடைக்கிறது, ஆலையை நிறுத்தாமல் ஓட்ட மாருதிக்கு வழி கிடைக்கிறது.

பெயர்த் தேர்வில் இங்கே ஒரு நயம் இருக்கிறது. டொயோட்டாவிடம் ஸ்டார்லெட் என்ற சிறிய கார் 1999 வரை இருந்தது. 1990களில் ஜப்பானில் அதன் வேகமான வகைக்கு ஸ்டார்லெட் கிளான்சா என்று பெயர். இப்போது நம் பலேனோவைத் தென்னாப்பிரிக்காவில் ஸ்டார்லெட் என்கிறார்கள், இந்தியாவில் கிளான்சா என்கிறார்கள். ஆப்பிரிக்காவில் பழைய ஸ்டார்லெட்டுகள் இன்னும் சாலையில் ஓடுகின்றன, அந்தப் பெயருக்கு அங்கே மதிப்பு உண்டு. நமக்கு ஸ்டார்லெட் என்றால் ஒன்றுமில்லை, ஆகவே வால் பகுதியை மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் சொன்ன சொந்தக் கார் உணர்வு மலேசியாவோடு நிற்கவில்லை. நாம் மாருதி 800 என்று ஓட்டிய வண்டியைப் பாகிஸ்தானில் சுசுகி மெஹ்ரான் என்று 2019 வரை தயாரித்தார்கள். அங்கே ஒரு காலத்தில் சுசுகி வண்டிகளின் பட்டியலைப் படித்தால் புவியியல் பாடம் மாதிரி இருக்கும்: கைபர், மார்கல்லா, போலான், ராவி, பொட்டோஹார். கணவாய், குன்று, ஆறு, பீடபூமி என்று எல்லாமே அந்த மண்ணின் பெயர்கள். இவற்றுள் பொட்டோஹார் நம் ஜிப்ஸியின் உறவு, போலான் நம் ஆம்னியின் உறவு. டொயோட்டாவின் கிஜாங் இன்னொரு கூட்டுக் குடும்பம். இந்தோனேசியாவில் மானின் பெயர் கொண்ட அந்த வண்டி, பிலிப்பைன்ஸில் அந்நாட்டுக்கே உரிய காட்டெருமையின் பெயரால் தமராவ், தைவானில் ஸேஸ், மலேசியாவில் உன்செர், தென்னாப்பிரிக்காவில் காண்டோர். 2000இல் அது இந்தியாவுக்கு வந்தபோது குவாலிஸ். கால் சென்டர் ஊழியர்களை இரவு பகலாகச் சுமந்தது அதுதான். எங்கே மக்கள் முதன்முதலாகக் கார் வாங்குகிறார்களோ அங்கே நிறுவனங்கள் உள்ளூர்ப் பெயரைத் தேடுகின்றன என்பது என் கணிப்பு. இந்தியாவில் ஏனோ அது ஸென் என்று ஜப்பான் பக்கமே போயிற்று.

இப்போது காற்று மறுபக்கம் வீசுகிறது. மாஸ்டா 2019இல் ஜப்பானிலும் அக்ஸெலா, டெமியோ, அடென்ஸா என்ற பெயர்களைக் கைவிட்டு மாஸ்டா 3, 2, 6 என்ற உலக எண்களுக்கு மாறிவிட்டது. டொயோட்டா 2020இல் விட்ஸை நிறுத்தி ஜப்பானியருக்கும் யாரிஸ் என்றே கொடுத்தது. அதே ஆண்டில் ஜப்பானில் டொயோட்டாவின் நான்கு விற்பனைத் தொடர்களும் எல்லா மாடல்களையும் விற்கத் தொடங்கியதால், கடைக்கு ஒரு பெயர் என்று ஒரே காரை இரண்டாகப் பிரிக்க வேண்டிய தேவையும் குறைந்தது. ஒரு வீடியோவை எல்லா நாட்டவரும் பார்க்கும் காலத்தில் பல பெயர்களைப் பேணுவது வீண் செலவு.

ஆனாலும் அரசியல் எந்த நேரத்திலும் உள்ளே வரலாம். ஆல்ஃபா ரோமியோ 2024 ஏப்ரலில் மிலானோ என்று ஒரு காரை அறிமுகப்படுத்தியது. போலந்தில் தயாராகும் காருக்கு இத்தாலிய நகரத்தின் பெயர் வைப்பது வாங்குபவரைத் திசைதிருப்புவது, அது இத்தாலியச் சட்டத்துக்கு எதிரானது என்று அந்நாட்டுத் தொழில்துறை அமைச்சர் ஆட்சேபிக்க, பெயர் சட்டப்படி சரிதான் என்று சொல்லிக்கொண்டே சில நாள்களுக்குள் அதை ஜூனியர் என்று மாற்றிவிட்டார்கள்.